அனோசோக்னோசியா

வாயில் நுழையாத சொல்தான். பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914-இல் கிரேக்க வேர்களைக் கோத்து உண்டாக்கியது: 'அ' இன்மை, 'நோசோஸ்' நோய், 'க்னோசிஸ்' அறிதல். நோயறியாமை எனலாம். அவர் பார்த்த ஒரு நோயாளிக்கு இடப்பக்கம் செயலிழந்திருந்தது. இடக்கையைத் தூக்கச் சொன்னால், வேறு யாரையோ கேட்டதுபோலப் பேசாமல் இருப்பாராம்.

பக்கவாதத்துக்குப் பிறந்த சொல் பின்னாளில் மனச்சிதைவுக்கும் வந்து சேர்ந்தது. காதில் விழும் குரல் நிஜம், மாத்திரை எதற்கு என்பவரை வீட்டார் 'வீம்பு' என்பார்கள். வீம்பு வேறு, இது தெரிந்தும் மறுப்பதல்ல, தெரியாமலே போவது. அந்த உணர்வும் எல்லோருக்கும் முழுசாகப் போவதில்லை. 1990-இல் மனநல மருத்துவர் ஆந்தணி டேவிட் நோயுணர்வை மூன்றாகப் பிரித்தார்: நோய் உண்டென்று உணர்வது, குரல்களை அறிகுறியாகக் காண்பது, சிகிச்சைக்கு இணங்குவது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டே 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவர் உண்டு.

விந்தை இன்னொன்று. அதே குரல்கள் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்டால், 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்று சிலர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். தன்னைப் பிறர் கண்ணால் பார்ப்பதுதான் கடினம். பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் குறைந்தவர்களிடம் நோயுணர்வும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.