சோலார் பேனலுக்கு ‘நானோ கோட்டிங்’: தண்ணி உருண்டு ஓடினா மட்டும் போதுமா?

பொம்மிடி: மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டாச்சு. ஆனா மூணு மாசம் கழிச்சு மேலே ஏறிப் பார்த்தா கண்ணாடி முழுக்க தூசி. போர் தண்ணி விட்டுக் கழுவினா, காய்ஞ்சதும் திட்டுத் திட்டா வெள்ளைக் கறை. ‘ஒரு தடவை கோட்டிங் அடிச்சா போதும், இனி கழுவவே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பலாமா? பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

கோட்டிங் என்ன செய்யும்?

இது கண்ணாடி மேல் பூசப்படும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். ஒரே படலம் பல வேலை செய்ய வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

* வெளிச்சம்: சாதாரண கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதை கோட்டிங் குறைக்கும்.
* அழுக்கு: தூசியும் தண்ணீரும் ஒட்டாமல் தடுக்கும்.
* பாதுகாப்பு: கீறல், வெயில், மழையைத் தாங்கும்.

இரண்டு வகை

முதல் வகை, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி. இலையில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளமும் மெழுகும் தண்ணீரை ஒட்டவிடாது. உருளும் துளி அழுக்கையும் சேர்த்து எடுத்துப் போகும். இதை விளக்கியவர் ஜெர்மனி தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்.

இரண்டாவது வகை நேர் எதிர். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியில் தண்ணீர் துளியாக நிற்காது, விரிப்பு போலப் பரவி அழுக்கைக் கழுவும். 2001-ல் பில்கிங்டன் நிறுவனம் இப்படி ஒரு ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் எங்கே?

தண்ணீர் ஒட்டாமல் இருக்க மேடுபள்ளம் வேண்டும். ஆனா மேடுபள்ளம் கூடினால் வெளிச்சம் சிதறும், துடைக்கும்போது தேயவும் செய்யும். தெளிவு, உறுதி, ஒட்டாத தன்மை மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவருவதுதான் சவால். ராஜஸ்தானின் ஐஐடி ஜோத்பூர் ஆய்வாளர்கள் 2023-ல் சோலார் பேனலுக்காக இப்படி ஒரு பூச்சை அறிவித்தனர்.

நம்ம ஊருக்கு என்ன?

பேனலை எவ்வளவு சாய்த்து வைப்பது என்பதற்கு ஊரின் அட்சரேகை ஒரு கணக்கு. பொம்மிடிக்கு அது சுமார் 12 டிகிரி. அதாவது சாய்வு ரொம்பக் குறைவு. உயர்தர பூச்சில் 10 டிகிரிக்கும் குறைந்த சாய்விலேயே துளி உருண்டுவிடும். சுமாரான பூச்சில் துளி முத்து மாதிரி அழகா நிற்கும், ஆனா ஓடாது. அங்கேயே காய்ந்தால், தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பு கறையாகத் தங்கிவிடும்.

தருமபுரி என்றதும் ஃப்ளோரைடு நினைவுக்கு வரும். இந்தக் கறைக்குக் காரணம் அது அல்ல, தண்ணீரின் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. குடிக்க அனுமதி உள்ள தண்ணீரும் கண்ணாடியில் கறை போடும்.

இன்னொன்று, மழையே இல்லாத நாளில் உருண்டு ஓட துளியே கிடையாது. கோட்டிங் இருந்தாலும் கழுவித்தான் ஆகணும்.

கணக்கு போட்டுப் பாருங்க

3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். அழுக்கால் 5 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு மாதத்துக்கு 18 யூனிட். அழுக்கு பறிப்பதைத் தாண்டி, ‘அழுக்கு ஒட்டாது’ என்று விற்கும் கோட்டிங் எதையும் கூட்டித் தராது. கழுவுவதற்கு முந்தைய நாள், அடுத்த நாள் உற்பத்தியை இன்வெர்ட்டர் ஆப்பில் ஒப்பிட்டால் உங்க வீட்டு இழப்பு தெரிந்துவிடும். இரண்டு நாளும் ஒரே மாதிரி வெயில் அடிக்கணும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* பேனலில் கம்பெனியே போட்ட கோட்டிங் இருக்கிறதா? பல பேனல்களில் இருக்கும்.
* மேலே இன்னொன்று பூசினால் வாரண்டி செல்லுமா? பேனல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்க.
* எத்தனை வருஷம் நிற்கும்? தேய்ந்தால் மறுபடி யார் செலவு?

கோட்டிங் இல்லாமலேயே...

பேனல் சூடேறும் முன், அதிகாலையில் கழுவுங்க. மெத்தென்ற துணி போதும். ஸ்க்ரப்பர், ஆசிட் வேண்டவே வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்காதீங்க. கடைசியில் மழைத் தண்ணி அல்லது ஆர்ஓ தண்ணி விட்டு, காயும் முன் வைப்பரால் வழித்துவிட்டால் வெள்ளைக் கறைக்கு இடமே இல்லை.