வக்கீல் எழுதிய உயில்

உயில் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் பழைய தர்ம சாஸ்திரங்களில் அதற்கு இடமே இல்லை. தகப்பன் இறந்தால் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை சாஸ்திரமே சொல்லிவிடும். ஆங்கிலேயர் ஆட்சியில் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற நகரங்களில் பணக்காரக் குடும்பங்கள் உயில் எழுத ஆரம்பித்தன. அதில் மிகவும் பேசப்பட்டது தாகூர் வழக்கு.

பிரசன்ன குமார் தாகூர் கல்கத்தாவின் பெரிய ஜமீன்தார், பேர்பெற்ற வக்கீலும்கூட. இவருடைய ஒரே மகன் ஞானேந்திரமோகன் 1851ல் கிறிஸ்தவரானார். இங்கிலாந்து சென்று 1862ல் பாரிஸ்டர் ஆன முதல் இந்தியரும் அவர்தான். அதே 1862ல் தந்தை ஓர் உயில் எழுதினார். அதில் மகனுக்கு எதுவும் இல்லை!

மதம் மாறியவருக்கும் வாரிசுரிமை உண்டு என்று 1850லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் உயில் இல்லாமல் இறந்திருந்தால் சொத்து மகனுக்கே போயிருக்கும். வங்காளத்தில் இருந்த தாயபாக முறைப்படி தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. எனவே தகப்பன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். நம் பக்கத்து மிதாட்சர முறையில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதால் இப்படிச் செய்திருக்க முடியாது.

பிரசன்ன குமார் தன் அண்ணன் மகன் ஜதீந்திரமோகனுக்கு ஆயுள்வரை சொத்தின் வருமானம், பிறகு அவருக்குப் பிறக்கப்போகும் மகன்கள், பேரன்கள் என்று பல தலைமுறைக்கு எழுதினார். 1868ல் அவர் இறந்ததும் மகன் வழக்குப் போட்டார். 1872ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. இந்து சட்டப்படி, எழுதியவர் இறக்கும்போது பிறந்திராத ஒருவருக்குச் சொத்து எழுத முடியாது. எனவே ஜதீந்திரமோகனின் ஆயுள் உரிமை மட்டும் செல்லும், அதற்குப் பின் சொத்து சட்டப்படி வாரிசான மகனுக்கே!

ஆனால் ஞானேந்திரமோகன் 1890ல் இறந்துவிட்டார். ஜதீந்திரமோகன் 1908 வரை வாழ்ந்தார். வழக்கில் வென்றவர் அந்தச் சொத்தை அனுபவிக்கவே இல்லை.

இந்தத் தடை பிறகு தளர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1914லும், மற்ற பகுதிகளில் 1916லும் வந்த சட்டங்கள் பிறக்காதவருக்கும் சில வரம்புகளோடு எழுதி வைக்க அனுமதித்தன. இதற்கிடையே 1870ன் இந்து உயில்கள் சட்டம், வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் எழுதும் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றது. நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்துச் சான்று வாங்கும் 'புரோபேட்' முறையும் அதோடு வந்தது. 1925ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இவற்றைத் தொடர்ந்தது. இந்தப் புரோபேட் கட்டாயம் 2025 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. இரண்டு சாட்சி விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன வக்கீலின் உயிலே பாதிதான் நின்றது. மனதில் இருப்பதை எழுதினால் மட்டும் போதாது, அதைச் சட்டம் ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வதுதான் குடும்பத்துக்கு நல்லது.