பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த நீதிபதி

குரோம்பேட்டையிலிருந்து மெரினா பக்கம் போகும்போது, செனட் ஹவுஸ் வளாகத்தில் சுப்பிரமணிய ஐயர் சிலையைக் கவனிச்சிருக்கீங்களா? இன்னிக்கு அவரைப் பத்திதான் பேசப்போறேன்.

1842-ல் மதுரையில் பிறந்தவர். அங்கேயே வக்கீல். 1884-ல் சென்னை சட்டசபை உறுப்பினர், 1895-ல் உயர்நீதிமன்ற நீதிபதி. தற்காலிகத் தலைமை நீதிபதியாவும் இருந்தார். 'சர்' பட்டமும் கிடைச்சது.

1917-ல் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வெச்சது. அப்போ ஐயருக்கு 74 வயசு. இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு, நேரா அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மாண்டேகு அதைக் கடுமையா கண்டிச்சார். ஐயர் பின்வாங்கலை. 1918-ல் பட்டங்களைத் துறந்தார்.

அந்த ஆட்சியை எதிர்த்தவங்க பலர். அதுகிட்டேயே எல்லா மரியாதையும் வாங்கி, முதுமையில் வேணாம்னு சொன்னவர் இவர். அதனாலதான் எனக்கு இவரைப் பிடிக்கும்.