பென்னிகுயிக் (குடும்பப்பெயர்)

பென்னிகுயிக் என்பது ஸ்காட்லாந்தில் தோன்றிய, அரிதாக வழங்கும் ஒரு குடும்பப்பெயர் ஆகும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் (1841-1911) வழியாக இப்பெயர் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டுள்ளது. இது தேனி மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இடப்படும் பெயராகவும் உள்ளது.

சொற்பிறப்பு

எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் பெனிகுக் என்னும் சிறு நகரம் உள்ளது. அந்நிலத்தை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பம் நிலத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இப்பெயருடையோர் குறிக்கப்படுகின்றனர்.

ஊரின் பெயர் ஆங்கிலச் சொல் அன்று. ஆங்கிலம் பரவுவதற்கு முன் தெற்கு ஸ்காட்லாந்தில் பேசப்பட்டு, பின்னர் வழக்கொழிந்த கும்பிரிக் மொழியிலிருந்து அது வந்தது. இம்மொழி வேல்சு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. வேல்சு மொழியில் 'பென்' என்பது தலை அல்லது குன்றையும், 'கோக்' என்பது குயிலையும் குறிக்கும். எனவே 'குயில் குன்று' என்பதே இப்பெயரின் பொருள். பென்னி என்னும் நாணயத்துக்கும், விரைவைக் குறிக்கும் 'குயிக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதனோடு தொடர்பில்லை.

தமிழ்ச் சொல்லான 'குயில்' இதனோடு ஒலியால் ஒத்திருப்பது வியப்பளிக்கலாம். ஆனால் இவை மொழி உறவால் ஒத்தவை அல்ல. குயிலினப் பறவைகளுக்கு அவற்றின் கூவலை ஒட்டிப் பெயரிடுவது பல மொழிகளிலும் காணப்படும் வழக்கமாகும். ஐரோப்பியக் குயில், தமிழ்நாட்டில் கூவும் கருங்குயிலிலிருந்து வேறான இனம். எனினும் இரண்டும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை.

ஒலிப்பு

பழைய ஸ்காட்டு எழுத்துமுறையில் கடைசி அசையில் உள்ள 'இ' தனியே ஒலிப்பதில்லை. ஆகவே ஊரின் பெயர் 'பெனிகுக்' என்றே ஒலிக்கப்படுகிறது. பென்னிகுக் என்ற வடிவமும் குடும்பப்பெயராக வழங்குகிறது. தமிழில் நிலைத்துவிட்ட 'பென்னிகுயிக்', ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்ததால் அமைந்த வடிவமாகும்.

தமிழ்நாட்டில்

ஜான் பென்னிகுயிக் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். இவருடைய தந்தையும் தமையன் ஒருவரும் 1849இல் சிலியன்வாலா போரில் இறந்தனர். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய பெரியாற்று நீரைச் சுரங்கவழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் அந்நன்றியால் தம் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் எனப் பெயரிடுகின்றனர். பொங்கலையொட்டி வரும் அவருடைய பிறந்தநாளும் கொண்டாடப்படுகிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது.

தமிழர் பெரும்பாலும் குடும்பப்பெயர் வழங்குவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாகிறது. இதனால் ஸ்காட்லாந்தில் தலைமுறைதோறும் மாறாமல் தொடர்ந்த குடும்பப்பெயர், தேனியில் ஒருவரின் இயற்பெயராகி, அடுத்த தலைமுறையில் 'பெ.' என்னும் முதலெழுத்தாகச் சுருங்குகிறது.