மயக்க மருந்து யாருடைய வேலை? - அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒன்றின் கதை

ஆபரேஷன் தியேட்டரில் கத்தியைப் பிடிப்பவர் ஒருவர். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, ஆபரேஷன் முடியும்வரை மூச்சையும் நாடியையும் கவனித்து, பத்திரமாகக் கண் விழிக்க வைப்பவர் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆள் கட்டாயம் ஒரு டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். ஆனால் அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கும் மேலாக இந்த வேலையில் பெரும் பங்கைச் செய்து வருபவர்கள் செவிலியர்கள்.

இந்த உரிமை அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. வழக்கு, தேர்வு, சட்டம் என்று பல படிகள் ஏற வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதியை அவர்களுக்காகச் செய்தது 1931ல் தொடங்கிய ஒரு சங்கம். அந்தச் சங்கத்தின் கதையைப் பார்ப்போம்.

யாரும் விரும்பாத வேலை

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கமடையச் செய்தார். வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பது எல்லோருக்கும் முன்னால் நிரூபணமானது.

ஆனால் அதன்பின் பல வருடங்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது ஒரு எடுபிடி வேலையாகவே கருதப்பட்டது. கையில் கிடைத்த ஜூனியர் டாக்டரையோ மருத்துவ மாணவரையோ அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அவருக்கோ அறுவை சிகிச்சையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை. கண் கத்தியின் மேல் இருக்கும், நோயாளியின் முகத்தின் மேல் இருக்காது. இந்த வேலைக்குத் தனியாகப் பெரிய வருமானமும் கிடையாது. விளைவு, மயக்கத்திலேயே உயிர் போன நோயாளிகள் பலர்.

அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குத் தேவைப்பட்டது, இதை மட்டுமே முழுக் கவனத்துடன் செய்யும் ஒரு ஆள். அவர்கள் செவிலியர்கள் பக்கம் திரும்பினார்கள். பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரில் 1877ல் இந்தப் பணியைச் செய்த சிஸ்டர் மேரி பெர்னார்ட், இத்துறையில் பெயர் தெரிந்த முதல் செவிலியர்களில் ஒருவர்.

அடுத்து வந்தவர் ஆலிஸ் மகாவ். மினசோட்டா மாநிலம் ராசெஸ்டரில் மேயோ சகோதரர்களிடம் பணியாற்றியவர். முகத்தில் வைத்த துணியின் மீது ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நோயாளியிடம் இதமாகப் பேசிக்கொண்டே உறங்க வைப்பது அவரது முறை. 1906ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 14,000க்கும் மேற்பட்ட முறை மயக்க மருந்து கொடுத்திருந்தும், அந்த மருந்தால் ஒருவரும் இறக்கவில்லை என்பது அதில் இருந்த செய்தி. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

வேலைக்கு மதிப்பு வந்ததும் சண்டையும் வந்தது

ஓஹியோ மாநிலம் கிளீவ்லாந்தில் லேக்சைடு மருத்துவமனை. அங்கே ஜார்ஜ் கிரைல் என்ற புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர், கனடாவில் பிறந்த செவிலியரான அகதா ஹாட்ஜின்ஸைத் தன்னுடைய மயக்க மருந்துப் பணிக்குத் தேர்ந்தெடுத்தார். முதல் உலகப் போரின்போது இருவரும் பிரான்சுக்குச் சென்று காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். திரும்பி வந்தபின் 1915ல் லேக்சைடில் மயக்க மருந்துப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

இதற்குள் மயக்கவியலையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்களும் உருவாகியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில், செவிலியர் அதைச் செய்வது சட்டவிரோதம் என்பது அவர்கள் வாதம். 1916ல் ஓஹியோ மருத்துவ வாரியத்தின் எதிர்ப்பால் லேக்சைடு பள்ளியே சிறிது காலம் நிற்க வேண்டி வந்தது. கிரைல் நேரில் வாதாடி 1917ல் மீட்டார். அதே 1917ல் கென்டக்கி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், மார்கரெட் ஹாட்ஃபீல்டு என்ற செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில் செய்ததாகாது என்று தீர்ப்பளித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓஹியோவில் செவிலியர்களைக் காப்பாற்றியது ஒரு செல்வாக்கான டாக்டர். அப்படி ஒரு டாக்டர் இல்லாத ஊரில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் சங்கம் பிறந்தது.

1931 ஜூன் 17

அந்த நாளில் 12 மாநிலங்களிலிருந்து சுமார் 40 செவிலியர்கள் லேக்சைடில் கூடினார்கள். அழைத்தவர் ஹாட்ஜின்ஸ். அடுத்த ஆண்டே சங்கத்தின் பெயர் தேசிய மயக்க மருந்துச் செவிலியர் சங்கம் என்றானது. 1939ல் அமெரிக்க மயக்க மருந்துச் செவிலியர் சங்கம், சுருக்கமாக ஏ.ஏ.என்.ஏ., என்று மாறியது.

முதல் ஏமாற்றம் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் இவர்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. டாக்டர்கள் "நீங்கள் டாக்டர் இல்லை" என்றார்கள். செவிலியர்களோ கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். கை கொடுத்தது அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம். 1933ல் மில்வாக்கியில் அவர்களுடைய மாநாட்டுடன் சேர்ந்தே இவர்களின் முதல் ஆண்டுக் கூட்டமும் நடந்தது. மருத்துவமனைகளுக்கு இந்தச் செவிலியர்கள் தேவைப்பட்டார்கள் என்பதுதான் காரணம்.

மிகப் பெரிய சோதனை கலிஃபோர்னியாவில் வந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் பணியாற்றிய டாக்மார் நெல்சன் என்ற செவிலியர் மீது மயக்கவியல் மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். 1936ல் மாநில உச்ச நீதிமன்றம் நெல்சன் பக்கம் தீர்ப்பளித்தது. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரின் கண்காணிப்பில், அவர் சொல்படி மயக்க மருந்து கொடுப்பதால் இது செவிலியர் பணிதான் என்பது அதன் சாரம்.

வெற்றிதான். ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. நெல்சன் வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காக நீதிமன்றம் அவரை விடவில்லை. வேறொருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்பதற்காக விட்டது. அடுத்த பல பத்தாண்டுகளில் சங்கம் செய்த வேலைகளை இந்த முடிச்சோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

தகுதியைக் காட்டும் வழி

மேற்பார்வை என்ற துணை இல்லாமல் நிற்க வேண்டுமானால், "எங்களுக்கு இது தெரியும்" என்று காட்ட வேறு சான்று வேண்டும். சங்கம் அதைப் படிப்படியாக உருவாக்கியது.

1945ல் முதல் தேசியத் தகுதித் தேர்வு நடந்தது. ஹாட்ஜின்ஸ் காலமானதும் அதே ஆண்டில்தான். 1952ல் பயிற்சிப் பள்ளிகளை ஆய்வு செய்து அங்கீகாரம் கொடுக்கும் திட்டம் வந்தது. 1956ல் சி.ஆர்.என்.ஏ. என்ற பட்டம் வந்தது. சான்று பெற்ற, பதிவு பெற்ற மயக்க மருந்துச் செவிலியர் என்று பொருள். பின்னாளில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிப்பதும் கட்டாயமானது.

இந்தச் சங்கமும் சிலரை வெளியே நிறுத்தத்தான் செய்தது. ஆண் செவிலியர்களுக்கு 1947 வரை இங்கே இடமில்லை.

பணம் யார் கைக்கு?

சங்கத்தின் மிக முக்கியமான வெற்றி பில்லில்தான் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 1983ல் மெடிகேர் கணக்கு முறை மாறியது. இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு ஒரு மொத்தத் தொகை என்றானது. செவிலியரின் சம்பளம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். மயக்கவியல் மருத்துவரோ தனியாக பில் போடலாம். அப்படியென்றால் மருத்துவமனையின் கணக்கில் செவிலியர் செலவு, டாக்டர் செலவே இல்லை! சம்பளம் குறைவான ஆளை வைத்துக்கொள்வதுதான் நஷ்டம் என்ற விசித்திரமான நிலை.

சங்கம் நாடாளுமன்றத்தில் விடாமல் முயன்றது. இடைக்கால ஏற்பாடாக அவர்களின் செலவு தனியாக ஈடுகட்டப்பட்டது. பிறகு 1986ல் இயற்றப்பட்ட சட்டப்படி, மயக்க மருந்துச் செவிலியர்கள் மெடிகேரிடம் தங்கள் பெயரிலேயே கட்டணம் பெறலாம் என்றானது. 1989ல் இது நடைமுறைக்கு வந்தது. செவிலியர் துறையில் இந்த உரிமை பெற்ற முதல் பிரிவினர் இவர்கள்.

முடிச்சை அவிழ்க்கும் முயற்சி

மீதமிருந்தது அந்த "மேற்பார்வை". மெடிகேர் விதிகளிலும் அது நிபந்தனையாக இருந்தது. 2001 ஜனவரியில், கிளின்டன் ஆட்சியின் கடைசி நாட்களில், அதை நீக்கும் விதி வெளியானது. அடுத்து வந்த புஷ் அரசு அதை நிறுத்திவைத்து, நவம்பரில் ஒரு நடுவழி கண்டது. மேற்பார்வை தொடரும், ஆனால் எந்த மாநில ஆளுநரும் கடிதம் எழுதி விலக்குப் பெறலாம். முதலில் விலக்குப் பெற்றது அயோவா. பின்னர் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த வழியில் சென்றன.

மயக்கவியல் மருத்துவர்களின் எதிர்ப்பையும் வெறும் தொழில் போட்டி என்று தள்ளிவிட முடியாது. அறுவை சிகிச்சையின் நடுவே நிலைமை கைமீறும்போது நீண்ட மருத்துவப் படிப்பு கைகொடுக்கும் என்கிறார்கள். 2000ல் பென்சில்வேனியா நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு அவர்கள் வாதத்துக்கு வலு சேர்த்தது. 2010ல் வந்த இன்னொரு ஆய்வு, விலக்குப் பெற்ற மாநிலங்களில் ஆபத்து கூடவில்லை என்றது. ஆனால் இந்த இரண்டாவது ஆய்வுக்கு நிதி கொடுத்தது ஏ.ஏ.என்.ஏ. சங்கமே என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கம், சிறிய கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருந்து கொடுக்கச் செவிலியரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரும் இல்லையென்றால் பிரசவத்துக்கும் அவசர ஆபரேஷனுக்கும் பல மைல் தூரம் போக வேண்டியதுதான்.

2021ல் சங்கம் தன் ஆங்கிலப் பெயரில் "மயக்க மருந்து கொடுப்பவர்" என்ற சொல்லை நீக்கி "மயக்கவியல்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மயக்கவியல் மருத்துவர்கள் இதை எதிர்த்தார்கள். ஒரு சொல்லுக்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். 1917லிருந்து நடந்த எல்லா வழக்கும், இந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றித்தான். பெயரை வைத்துத்தான் சட்டம், சட்டத்தை வைத்துத்தான் சம்பளம்.

ஆலிஸ் மகாவிடம் திறமை இருந்தது, சங்கம் இல்லை. மேயோ சகோதரர்கள் இருந்ததால் அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை. டாக்மார் நெல்சனிடம் திறமை இருந்தும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஒரு வேலையை நன்றாகச் செய்யத் தெரிவது ஒன்று. அந்த வேலை தன்னுடையது என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பது வேறொன்று. அதற்குத் தனி ஆளால் முடியாது என்பதைத்தான் 1931ல் கூடிய அந்த 40 பேரும் புரிந்துகொண்டிருந்தார்கள்.