பிறர் சமயம் படித்த இருவர்

ஒரு சமயத்தை அறிவதற்கு அதை நம்பியிருத்தல் வேண்டுமா? நம்புகிறவனால் அதனை நடுநின்று ஆராய முடியுமா? இறையியலாருக்கும் சமய ஆராய்ச்சியாளருக்கும் இடையே மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கு இது. மாக்ஸ் முல்லர் இலண்டனிலே சமய விஞ்ஞானம் பற்றிச் சொற்பொழிவாற்றியது 1870இல். அதற்குப் பதினாறாண்டு முன்னரே, 1854இல், யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய இரு நூல்கள் இவ்வழக்கிற்குச் சான்றுகளாக வெளிவந்துவிட்டன.

ஒன்று, வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியாருடையது. தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குறிப்புரையுடன் அமெரிக்காவில் வெளியிட்டார். அவர் இங்கு வந்தது சைவம் கற்பதற்கன்று, சைவரைக் கிறிஸ்தவராக்குவதற்கு. ஆயினும் ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என்று பொறுமையோடு எடுத்துரைத்த அவருழைப்பினால், மேனாட்டு ஆராய்ச்சியாளர் சித்தாந்தத்தை மூலநூல் வழியாக அறிய வழி பிறந்தது. தத்துவ நூல்களை மட்டும் படிப்பவருக்கு நல்லூர்த் தேரடியில் கண்ணீர் மல்க நிற்கும் அடியார் புலப்படார் என்பதும் உண்மையே.

மற்றது, ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரம். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நாவலர். பழைய ஏற்பாட்டிலே கூறப்படும் ஆலயம், பலி, தூபம், தீபம் யாவும் அவருக்கு மனப்பாடம் போன்றவை. அவற்றையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளைப் பழித்தோருக்கு விடையிறுத்தார். நோக்கம் வாதம்தான். ஆனால் எதிரியின் நூலை எதிரியினும் கூர்ந்து படியாமல் அவ்வாதம் நிலைக்குமா?

இது நமக்குப் புதிதுமன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் முதலான பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கொள்கையையும் முதலிற் கூறிய பின்னரே மறுக்கிறார். மறுப்பதற்காகவேனும் செவ்வையாகக் கேட்கவேண்டும் என்பது அம்முறை. நம்பிக்கை படிப்பிற்குத் தடை என்பாரோடு என்னால் உடன்பட முடியாமைக்குக் காரணம் இதுதான். எழுதியதை அச்சமயத்தான் படித்து, 'ஆம், இது எங்கள் கொள்கையே' என்பானா? அதுவே உரைகல் என்பேன். மறுத்தபின் பரபக்கத்தை மூடிவிடுவதே நம்மிடமுள்ள குறை. ஆராய்ச்சியாளன் அதனை மீண்டும் திறக்கிறான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் பாடங்களாக உள்ளன. 'சமயம்' என்னாது 'நாகரிகம்' என்று பெயரிட்ட சாமர்த்தியம் கவனிக்கத்தக்கது. ஆனால் சைவ வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவ நாகரிகத்தைத் தெரிந்தெடுத்தால், 'என்ன தம்பி, வேதத்திலை சேரப்போறியோ?' என்றுதான் அம்மம்மா முதலிற் கேட்பார்.