ஓரியின் வில்லும் என் சோளத்தட்டும்

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்குப் போய்வந்த பேரன், செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: "தாத்தா, ஒரே அம்பு அஞ்சு மிருகத்தைத் துளைக்குமா?"

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்திருக்கிறான். யாரோ கதையும் சொல்லியிருக்கிறார்கள். "துளைக்கும்" என்று சொல்ல வாய் வந்தது. இத்தனை வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் பையனின் முகத்தைப் பார்த்ததும் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். அலுவலகப் பழக்கம் போகுமா?

கதை புறநானூற்றில் 152-ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் வன்பரணர். வேட்டுவன் ஒருவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி எனக் கடந்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அந்த வேட்டுவன் ஓரியாகத்தான் இருக்க வேண்டும் என்று புலவர் ஊகிக்கிறார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1415-இல் அழான்கூர் போர்க்களத்தில் ஆங்கிலேய வில்லாளிகள் பிரெஞ்சுப் படையை எப்படிச் சிதறடித்தார்கள் என்பது சிறுவயதிலேயே எனக்குத் தெரியும். ஓரியின் பெயரை அறிந்ததோ, சேலத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அதுவரை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், சேந்தமங்கலம் பக்கத்தில் அப்பிச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே கொல்லிமலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பிச்சி பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கும் புறநானூறு தெரியாது. ஆனால் அம்பைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் அவர்தான்.

அந்த விடுமுறைகளில் மூங்கிலைப் பிளந்து வில் வளைப்போம். அம்புக்குக் காய்ந்த சோளத்தட்டு. வில்லின் இடப்பக்கம் அம்பை வைத்து வலக்கையால் இழுத்து விட்டால், என் அம்பு எப்போதும் வலப்பக்கமே ஓடும். வில்லில்தான் குறை என்று இன்னும் பலமான வில் செய்தேன். அம்பு இன்னும் அதிகமாக விலகியது. பார்த்துக்கொண்டிருந்த அப்பிச்சி சொன்னார்: "வில்லுல என்ன குத்தம் கண்ணு? கோலை மாத்து."

மூங்கில் சிம்பைச் சீவிக் கொடுத்தார். அம்பு நேராகப் போனது. காரணம் எனக்குப் புரிந்தது ஓய்வு பெற்று இதைப் பற்றிப் படித்தபோதுதான்.

மர வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்காருகிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. ஆகவே புறப்படும்போது தண்டு வளைந்து, வில்லைச் சுற்றிக் கடந்து, பிறகு நிமிர வேண்டும். வலக்கைக்காரருக்குத் தண்டு விறைப்பாக இருந்தால் அம்பு இடப்பக்கம் போகும். தொய்வாக இருந்தால் வலப்பக்கம். வில்லின் பலம் கூடக் கூடத் தொய்வான தண்டு இன்னும் அதிகம் வளையும். என் சோளத்தட்டுக்கு நேர்ந்தது அதுதான்.

இன்றைக்கும் மர அம்பு செய்பவர்கள் இதை அளந்தே தேர்கிறார்கள். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுகிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால், 26-ஐ அரையால் வகுக்க 52 வருகிறது. ஏறக்குறைய 52 பவுண்டு இழுவையுள்ள வில்லுக்கு அது பொருந்தும். தண்டின் நீளத்தைக் குறைத்தால் விறைப்பு கூடும். முனையின் எடையைக் கூட்டினால் தொய்வு கூடும். கோணலை அனலில் காட்டி நிமிர்த்துவார்கள். ஓர் அம்பில் கட்டும் இறகுகள் எல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும்.

இத்தனையும் எதற்கு? பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும் அம்பு தன் விசையைத் தைக்கும் இடத்தில் வீணாக்கிவிடும். நேராகப் போவதே ஆழமாக இறங்கும். ஆகவே துளைப்பது வில்லின் பெருமை மட்டும் அல்ல.

1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பலை 1982-இல் தூக்கினார்கள். அதிலிருந்த ஆயிரக்கணக்கான அம்புகள் சேற்றுக்குள் மட்காமல் கிடைத்தன. நம் மண்ணில் பழைய ஈமக்குழிகளில் இரும்பு முனைகள்தான் மிஞ்சுகின்றன, தண்டு மட்கிப்போகிறது. அம்பு செய்பவரைப் பழைய பிரெஞ்சில் 'பிளெஷியே' என்பார்கள். 'பிளெட்சர்' என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. ஓரிக்கு அம்பு சீவியவர் யாரென்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. கோப்பைத் திருத்தி வைத்தவன் பெயர் உத்தரவில் வராது என்பது எழுத்தனுக்குத் தெரியாதா?

மறுநாள் பேரனிடம் சொன்னேன்: "யானையைத் துளைத்து வெளியே வந்து இன்னும் நாலு உயிரைச் சாய்க்கிற விசை மர அம்புக்குக் கிடையாது."

"அப்ப பொய்யா தாத்தா?"

"பொய் இல்லடா. புலவர் தான் கண்ட வில்லாளியைப் பெருக்கிப் பாடினார். ஆனால் கோலைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவனை அப்படிப் பாடத் தோன்றியிருக்காது."

அவனுக்கு அது போதவில்லை. ஒரு கட்டு மூங்கில் சிம்பு வாங்கி வந்து மேசையில் ஒவ்வொன்றாக உருட்டினோம். பன்னிரண்டில் மூன்றுதான் தடதடக்காமல் உருண்டன. அந்த மூன்றையும் அவன் எடுத்து வைத்துக்கொண்டான்.